சீல் குத்திய வெற்றுப் பக்கம்

வேலம்பாளையம்
3-6-2024, திங்கள்

மதிப்பிற்குரிய டாக்டர் அன்புசெல்வி மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் என் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால் முதலில் அதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

"போனும் கிடையாது, வாட்ஸப்பும் கிடையாது, ஒரு மாதத்துக்கு வெள்ளிக்கிழமைச் சந்திப்பும் கிடையாது. சொல்ல வேண்டியதைப் பேனா பிடித்து எழுதித் தபாலில் போடுங்கள். பெட்டிவரை நடப்பதற்குள் பாதிக் கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரிந்துவிடும்" என்றீர்கள். உண்மைதான். இந்தக் கடிதத்தில் முதலில் பதினாறு கேள்விகள் இருந்தன. தபால் பெட்டிவரை நான்கு தடவை போய்த் திரும்பியதில் பதினைந்து உதிர்ந்துவிட்டன. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுகிறேன் என்று கோபித்துக்கொண்டீர்களே, அதில் ஏழெட்டு அழைப்பு முந்தைய அழைப்புக்கு மன்னிப்புக் கேட்கத்தான்.

என் மேல் முழுத் தப்பும் இல்லை மேடம். பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்து நான்கு வருடமாக மெர்ச்சண்டைசர். துணிக்கு என்ன சாயம், காலருக்கு என்ன நூல், லேபிளில் என்ன எழுத்து, எதையும் நானாக முடிவு செய்துவிட முடியாது. சாம்பிள் தைத்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்ப வேண்டும். அவர் 'ஓகே' என்று எழுதினால்தான் இங்கே துணியில் கத்தி விழும். அந்தப் பழக்கம் என்னோடு வண்டி ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. முழுக்கைச் சட்டை போடட்டுமா, அரைக்கையா என்று மருதாளிடம் கேட்டால், "ஏனுங்க, உங்க கை உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்கிறாள். கட்டிய மனைவி கேட்கிற கேள்வியா இது?

மிச்சமிருக்கும் அந்தப் பதினாறாவது விஷயத்துக்கு வருகிறேன். வருடா வருடம் ஆகஸ்ட் 15 கொடியேற்றி முடிந்ததும் எங்கள் கம்பெனி கேண்டீனில் பாட்டு, நாடகம் எல்லாம் நடக்கும். இந்த வருடம் யாராவது ஒரு குறும்படம் எடுங்கள் என்று முதலாளி சென்னியப்பன் சொன்னார். நான் கை தூக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கதை எழுதிவிட்டேன். எதற்கெடுத்தாலும் டாக்டரைக் கேட்கும் ஒரு நோயாளி, அவரைக் கண்டாலே தலையில் கை வைக்கும் ஒரு மனநல டாக்டர். இருபது நிமிட நகைச்சுவைப் படம். முழுக்கக் கற்பனைதான்.

பதினான்கு பக்கம் இணைத்திருக்கிறேன். பதினான்காம் பக்கத்தில் 'முடிவு' என்ற தலைப்பு மட்டும் இருக்கும். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் ஓகே என்றால் எடுக்கிறேன், இல்லையென்றால் பரணில் போட்டுவிடுகிறேன். இருபது வயதிலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று மனதில் இருந்தது. இப்போது நாற்பத்தேழு. இதையும் விட்டால் இனி எடுக்கவே மாட்டேன் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

பதிலை எதிர்பார்த்துத் தபால்காரர் வரும் வழியிலேயே நிற்கும்,
லிங்கசாமி


திருப்பூர்
7-6-2024

அன்புள்ள லிங்கசாமி சார்,

நான் கவலைப்படவில்லை. ஒன்பது நாளும் நிம்மதியாக, சூடாகச் சாப்பிட்டேன். நான் டாக்டர் அல்ல, மனநல ஆலோசகர் என்பதை எத்தனையாவது தடவையாகச் சொல்கிறேன் என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன்.

நான் சோமனூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். எட்டுத் தறி ஓடும் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் பாடம் படித்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே உங்கள் போன் சத்தம் தாங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதையைப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி எட்டு முறை துடைக்கிறார். நான் அவ்வளவு துடைப்பதில்லை. ஏழாம் பக்கத்தில் நோயாளி, "டாக்டருங்க, தும்மல் வருதுங்க, தும்மட்டுங்களா?" என்று கேட்கிறார். அது கற்பனை அல்ல என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் உங்கள் பையர் அல்ல. எடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பதினான்காம் பக்கத்தை நிரப்பவும் மாட்டேன். உங்கள் வாழ்க்கையில் ஒரு காரியமாவது யாருடைய ஓகேயும் இல்லாமல் நடக்கட்டும் என்றுதான் இத்தனை நாள் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கிறேன். காகிதங்களை நகல் எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, அசலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன் (பெயரில் இருப்பதால்),
அன்புசெல்வி


வேலம்பாளையம்
11-6-2024

என் மதிப்பிற்கும் நன்றிக்கும் உரிய மேடம்,

கவரைப் பிரித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு பக்கத்திலும் உங்கள் கையெழுத்து, தேதி, அதற்குக் கீழே ஊதா மையில் க்ளினிக் சீல்!

இதற்கு எங்கள் தொழிலில் என்ன பெயர் தெரியுமா? சீல்டு சாம்பிள். பையர் கையெழுத்துப் போட்டு சீல் வைத்து அனுப்பிய சாம்பிளை மாட்டி வைத்து, அதைப் பார்த்துத்தான் லட்சம் பீஸ் தைப்போம். சீல் விழுந்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. கடிதத்தில் அத்தனை கண்டிப்பாக எழுதிவிட்டு உள்ளே பக்கத்துக்குப் பக்கம் சீல் வைத்திருக்கிறீர்கள். உங்கள் மனது எனக்குப் புரிந்துவிட்டது. பையர்களும் இப்படித்தான், மெயிலில் கிழிப்பார்கள், சாம்பிளில் ஓகே போட்டுவிடுவார்கள்.

காலியாக இருந்த பதினான்காம் பக்கத்துக்கும் ஏன் சீல் வைத்தீர்கள் என்பதுதான் இரண்டு நாள் பிடிபடவில்லை. நேற்று விளங்கிவிட்டது. முடிவே இல்லாததுதான் முடிவு. கடைசி ஒரு நிமிடம் வெறும் வெள்ளைத் திரை, வலது மூலையில் ஊதா சீல். ரொம்பவும் உயர்ந்த யோசனை மேடம். எனக்கெல்லாம் வந்திருக்காது.

கவர் வந்த அன்றே முதலாளியிடம், "டாக்டர் ஓகே பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பிள் ரூமை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் தரணி என்கிற பெண் கேமரா கொண்டுவருகிறாள். நோயாளியாக அயர்னிங் மாஸ்டர் சுப்பையன். எந்நேரமும் யாரையோ எதையோ கேட்கப் போகிற மாதிரியே ஒரு முகம் அவருக்கு. டாக்டராக செக்கிங் சூப்பர்வைசர் பொன்னாத்தாள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் அவர் போடும் சத்தம் மூன்று தையல் லைன் தாண்டிக் கேட்கும்.

"ஏனுங்க சார், டாக்டருன்னா மெதுவாத்தான பேசுவாங்க? நானு பேசுனா கம்பெனி கேட்டு வரைக்கும் கேக்குமுங்களே" என்றார்.

"நீங்க எங்க டாக்டரப் பாத்ததில்லீங்க. சத்தமாவே பேசுங்க" என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் கட்டும் புடவைக்காக நான்கு நிறத்தில் துணித் துண்டு வெட்டி, எண் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறேன். பிடித்ததில் ஒரு டிக் அடித்து அனுப்பினால் போதும்.

தங்கள் சீலுக்கு என்றும் கட்டுப்பட்ட,
லிங்கசாமி


திருப்பூர்
18-6-2024

லிங்கசாமி சார்,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் தண்ணீர் குடித்தேன்.

அந்த சீலுக்கு 'வந்து சேர்ந்தது' என்று பொருள். அவ்வளவுதான். தபால் ஆபீசில் கவர் மேல் ஒன்று குத்துகிறார்களே, அந்தச் சாதி சீல். உள்ளே இருப்பது நன்றாக இருக்கிறது என்றா அவர்கள் குத்துகிறார்கள்? என் மேசைக்கு வரும் எந்தக் காகிதத்துக்கும் கையெழுத்துப் போட்டு சீல் குத்திக் கோப்பில் சேர்ப்பது என் வழக்கம். போன மாதம் சித்தப்பா மகன் கல்யாணப் பத்திரிகைக்கும் கை தவறிக் குத்திவிட்டேன். அதற்காக அந்தக் கல்யாணத்துக்கு நான் ஓகே கொடுத்தேன் என்று அர்த்தமா?

நான் எதற்கும் ஓகே சொல்லவில்லை. முதலாளியிடம் 'டாக்டர் ஓகே பண்ணிட்டாங்க' என்று நீங்கள் சொன்னது தப்பு. என் பெயரும் க்ளினிக் சீலும் எந்தத் திரையிலும் வரக் கூடாது. இது ஒன்றுதான் என் கண்டிப்பு. மற்றதெல்லாம் உங்கள் படம். வெள்ளைத் திரை உயர்ந்த யோசனை என்றால் அந்தப் பெருமையும் உங்களையே சேரட்டும்.

துணித் துண்டுகளைத் திருப்பி அனுப்பவில்லை. மூன்றாம் எண்ணில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகத் துடைக்கிறது. இதற்கு வேறு எந்தப் பொருளும் கிடையாது.

அன்புசெல்வி


வேலம்பாளையம்
26-6-2024

மதிப்பிற்குரிய மேடம்,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் நாள் படப்பிடிப்பு.

சாம்பிள் ரூமை க்ளினிக் மாதிரியே மாற்றியிருந்தார்கள். சுவரில் கண் பரிசோதனை அட்டை வேறு. அது எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பொன்னாத்தாள் மூன்றாம் எண் நிறத்தில் புடவை கட்டி, கண்ணாடி இல்லாத கண்ணாடிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுப்பையன் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தரணி கேமராவைத் தூக்கித் தோளில் வைத்தாள். நான் உங்கள் கடிதத்தைக் கையில் பிடித்தபடி, "நிறுத்திக்கலாமுங்க. டாக்டரு ஓகே பண்ணலீங்க" என்றேன்.

தரணி கேமராவைத் தோளிலிருந்து இறக்கினாள். பிறகு பொன்னாத்தாள் எழுந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் ஆகிவிட்டது.

"சார், பன்னண்டு வருசமா நின்னுட்டேதானுங்க வேல பாக்கறேன். மொதத் தடவ நாற்காலில உக்காந்து இன்னொருத்தரத் திட்டற வேசம் கெடச்சுதுங்க. ஊட்ல கண்ணாடி முன்னால நின்னு ஒரு வாரமாப் பேசிப் பாத்தனுங்க. அந்த டாக்டரம்மா ஓகே பண்ணலீன்னா என்னுங்க? நானு ஓகேங்க. சுப்பையண்ணன் ஓகேங்க. நீங்க ஓகேங்களா இல்லீங்களா, அதச் சொல்லுங்க மொதல்ல."

என்னால் சொல்ல முடியவில்லை மேடம். வாய் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு அவிநாசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. கேட்பவர்களிடம் எல்லாம் மருதாள் காய்ச்சல் என்று சொல்கிறாள். அவமானமாக இருக்கிறது.

கீழே இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். ஒன்று 'எடுக்கலாம்', இன்னொன்று 'வேண்டாம்'. தபால் தலை ஒட்டிய கவரும் உள்ளே இருக்கிறது. ஏதாவது ஒன்றில் டிக் அடித்துவிடுங்கள். தயவுசெய்து சீல் மட்டும் வேண்டாம்.

லிங்கசாமி


திருப்பூர்
1-7-2024

அன்புள்ள லிங்கசாமி சார்,

இரண்டு கட்டத்தையும் காலியாகவே திருப்பி அனுப்புகிறேன். சீலும் குத்தவில்லை. கை பழக்க தோஷத்தில் போனது, இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. அதில் பாதி என் மேல்தான். பதினான்கு மாதமாக என்னிடம் வருகிறீர்கள். நடக்கச் சொன்னால் நடக்கிறீர்கள், எழுதச் சொன்னால் எழுதுகிறீர்கள், மூச்சை இழுத்து விடச் சொன்னால் போதும் என்று நான் சொல்லும்வரை விட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கும் ஆள் ஏன் குணமாகவில்லை என்று நானும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சொன்ன பேச்சைக் கேட்பதுதானே உங்கள் வியாதி? நான் சொல்லச் சொல்ல அது வளர்ந்திருக்கிறது. படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு இது தெரியவில்லை. பொன்னாத்தாள் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார். வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கதையின் ஏழாம் பக்கத்தைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வெளியே காத்திருந்தவர் பதறிப்போய்க் கதவைத் தட்டி, "மேடம், ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்டார். அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்து அவர் கேட்டதே இல்லையாம். இது ஓகே அல்ல. நடந்ததைச் சொல்கிறேன்.

இனி ஆகஸ்ட் 15 வரை உங்கள் கடிதம் எதற்கும் நான் பதில் எழுதப் போவதில்லை. நிறுத்தி வைத்திருக்கும் வெள்ளிக்கிழமைச் சந்திப்பும் அதுவரை கிடையாது. உண்மையான அவசரம் என்றால் க்ளினிக் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், உதவியாளர் எடுப்பார். சட்டைக் கையின் நீளம் அவசரத்தில் சேராது. பொன்னாத்தாள் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லுங்கள், எனக்கல்ல.

அன்புடன் (இந்தத் தடவை பெயருக்காக அல்ல),
அன்புசெல்வி


வேலம்பாளையம்
8-7-2024

மேடம் அவர்களுக்கு,

பதில் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செக்கிங் பக்கம் போனேன். பொன்னாத்தாள் ஒரு டி-ஷர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தையல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றேன். திரும்பவில்லை. தொண்டையைச் செருமினேன். அப்போதும் திரும்பவில்லை. கடைசியில், "நானும் ஓகேங்க" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது, பக்கத்து டேபிளில் இருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இதச் சொல்ல இத்தன நாளுங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த டி-ஷர்ட்டை எடுத்தார். ஆனால் சிரித்தார். பார்த்தேன்.

நேற்று ஞாயிறு, முதல் ஆறு பக்கத்தை எடுத்து முடித்தோம். முதலாளியிடமும் போய், டாக்டர் ஓகே பண்ணவில்லை, சீலை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். "படத்துக்கு எதுக்குப்பா டாக்டர் சீட்டு?" என்று கேட்டார்.

பதினான்காம் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வெள்ளைத் திரை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இந்த வரிக்குக் கீழே உங்களை ஒன்று கேட்டு நான்கு வரி எழுதி, நானே அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டாம்.

லிங்கசாமி


வேலம்பாளையம்
17-8-2024

அன்புள்ள மேடம்,

படம் ஓடிவிட்டது!

கேண்டீனில் எழுநூறு பேருக்கு மேல். உட்கார இடமில்லாமல் சாப்பாட்டு மேசை மேல் ஏறி நின்றவர்கள் ஒரு கூட்டம். திரைக்கு வெள்ளைத் துணி ரோல் ஒன்றை எடுத்து மூன்று துண்டாக வெட்டிச் சேர்த்துத் தைத்திருந்தோம். நிறம் சரியில்லை என்று பையர் கழித்துக் கட்டிய துணி. படம் அதில் என்ன பளிச்சென்று விழுந்தது தெரியுமா!

சுப்பையன் தும்மலாமா என்று கேட்ட இடத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், அடுத்த மூன்று வசனம் யார் காதிலும் விழவில்லை. ஒடிசாவிலிருந்து வந்து தையலில் இருப்பவர்களுக்கு வசனம் ஒன்றும் புரியாது. ஆனால் பொன்னாத்தாள் கண்ணாடியில் கை வைக்கும்போதெல்லாம் எழுந்து நின்று கை தட்டினார்கள். படப்பிடிப்பின் இரண்டாவது ஞாயிறே பொன்னாத்தாள் சாம்பிள் ரூமில் நிஜமாகவே எல்லோரையும் திட்ட ஆரம்பித்துவிட்டார் என்பது வேறு கதை.

பதினான்காம் பக்கத்தை ஜூலைக் கடைசியில் நானே எழுதினேன். அரை மணி நேரம்தான் ஆனது. நோயாளி போன பிறகு டாக்டர் கதவைச் சாத்துகிறார். மேசையைச் சுற்றி வந்து, தன் நாற்காலியை விட்டுவிட்டு நோயாளியின் நாற்காலியில் உட்காருகிறார். எதிரே காலியாக இருக்கும் டாக்டர் நாற்காலியைப் பார்த்து, "எனக்கு இன்னைக்கு ரொம்ப அலுப்பா இருக்குதுங்க. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலீங்க" என்கிறார். ஹெல்மெட்டை மறந்துவிட்டுப் போன நோயாளி அதை எடுக்கத் திரும்பி வருகிறார், கேட்டுவிடுகிறார். நேராகப் போய் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லுங்க, கேக்கறனுங்க" என்கிறார். படம் முடிகிறது.

அந்த இடத்தில் மேசை மேல் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். பிறகு பின்னாலிருந்து ஒருவர் கை தட்ட ஆரம்பித்தார், அப்புறம் கூரைத் தகரம் அதிர்ந்தது. முதலாளி என் தோளைப் பிடித்து, "லிங்கு, நெசமாவே நீ எடுத்ததாப்பா?" என்றார். "ஆமாங்க, நானுதானுங்க எடுத்தேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். மருதாள் எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். அவளிடம் கேட்கவில்லை.

படம் முடிந்ததும் தையலில் இருக்கும் பெண்கள் நான்கைந்து பேர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இப்படி உக்காந்து கேக்கற டாக்டரு நம்மூர்லயே இருக்காங்களா சார்?" என்று கேட்டார்கள். உங்கள் விலாசம் எழுதிக் கொடுத்தேன். உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரியின் குறும்பட விழாவுக்கும் படத்தைக் கேட்டிருக்கிறார்கள். செப்டம்பர் முதல் ஞாயிறு போடுகிறார்கள்.

சந்தோஷத்துடன்,
லிங்கசாமி


திருப்பூர்
23-8-2024

அன்புள்ள லிங்கசாமி சார்,

படம் பார்த்துவிட்டேன். நீங்கள் அனுப்பவில்லை, அதுவாகவே வந்து சேர்ந்தது. பாதித் திருப்பூரின் போனில் இருக்கிறது. கண்ணாடி துடைப்பது எட்டு முறை அல்ல, பதினொரு முறை. பொன்னாத்தாளிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என்னைவிட நன்றாகத் திட்டுகிறார்.

இந்த வாரம் புதிதாக ஏழு பேர் வந்தார்கள். வழக்கமாக என்னிடம் வருகிறவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் படி ஏறுவார்கள், யாராவது எதிரே வந்தால் பக்கத்துப் பல் டாக்டர் வாசலில் போய் நிற்பார்கள். இந்த ஏழு பேரும் கீழே பேக்கரியில், "பொன்னாத்தா டாக்டரு ஊடு இதுதானுங்களா?" என்று சத்தமாக விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஒன்பது வருடமாக நான் போர்டு வைத்து, நோட்டீஸ் அடித்து, ரோட்டரி கூட்டத்தில் பேசி நடக்காதது இருபது நிமிடத்தில் நடந்திருக்கிறது. மனமார்ந்த வாழ்த்துகள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒரு கோரிக்கை. அந்தக் கடைசிக் காட்சியை எடுத்துவிடுங்கள். உடுமலையில் போடுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். சோமனூரில் பக்கத்து வீட்டார் போனில் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, நெசமாலுமே நீ அப்படித்தான் தனியா உக்காந்துட்டு இருக்கியா?" என்று அழுகிறார். நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை. ஆலோசகர் என்பவர் நோயாளி முன்னால் அப்படி உடைந்து நிற்கக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு என்ன நம்பிக்கை வரும்? மற்ற பதின்மூன்று பக்கமும் பிரமாதம். சிரிப்போடு முடித்துவிடுங்கள்.

இத்தனை மாதத்தில் நான் உங்களிடம் எனக்காக எதுவும் கேட்டதில்லை. இந்த ஒன்றைச் செய்வீர்கள் என்று நம்புகிறேன். போனில் உங்கள் எண்ணுக்கு இருந்த தடையையும் எடுத்துவிட்டேன். சரி என்று ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொன்னால் போதும்.

அன்புடன்,
அன்புசெல்வி


வேலம்பாளையம்
27-8-2024

அன்புள்ள மேடம்,

கூப்பிட்டுச் சொன்னால் உங்கள் குரலைக் கேட்டதும் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

இல்லீங்க மேடம். அந்தக் காட்சியை எடுக்க மாட்டேனுங்க.

போன வருடம் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. உங்களிடம் பேசிவிட்டுக் கிளம்பியவன் குடையை மறந்துவிட்டேன். பேக்கரிவரை போய்த் திரும்பி வந்தேன். உங்கள் உதவியாளர் கிளம்பிப் போயிருந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, உங்கள் முறை வரட்டும் என்று காத்திருப்பவரைப் போல எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதில் யாரும் இல்லை.

வாய் நிறையக் கேள்வி வைத்திருக்கும் ஆள் நான். அன்றைக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. உள்ளே போகலாமா என்றுகூடக் கேட்கவில்லை. குடையை விட்டுவிட்டு மழையிலேயே போய்விட்டேன். அடுத்த வாரம் குடையை எடுத்துக் கொடுத்து, நனைந்தீர்களா என்று கேட்டீர்கள். இல்லை என்று பொய் சொன்னேன்.

உள்ளே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது என்னை இத்தனை மாதமாக அரித்துக்கொண்டிருந்தது. படத்தில் சுப்பையன் உள்ளே போகிறார். அதற்காகத்தான் பதினான்காம் பக்கத்தை எழுதினேன். தையல் பெண்கள் உங்கள் விலாசம் கேட்டதும் அந்தக் காட்சியைப் பார்த்துத்தான், தும்மலைப் பார்த்து அல்ல.

உங்கள் பெயர் படத்தில் இல்லை, சீல் இல்லை. உங்கள் மனது சங்கடப்படுகிறது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உடுமலையில் படம் அப்படியே, கடைசிக் காட்சியோடு ஓடும். கோபம் வந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. தரணியோடு உடுமலை போய்த் திரையும் சத்தமும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கென்று வைத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு சோமனூருக்குப் போன் போட்டு, அம்மா கேட்டதற்கு உள்ளபடி பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லிங்கசாமி